‘ஓரிரு இடங்களில்’ மழை என்றால் எத்தனை இடத்தில்?

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு களத்தில் முதல் போக நெல் காயப் போட இருந்தது. ஐப்பசி மாதம். நெல்லுக்குச் சொந்தக்காரர் முந்தின நாளே என்னைக் கூப்பிட்டு, “நாளைக்கு மழை இருக்கா சார்?” என்று கேட்டார். அறிக்கையில் ‘மதுரை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்று இருந்தது. “பெருசா இருக்காது, காயப் போடுங்க” என்றேன். மறுநாள் சாயங்காலம் முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது. நான் போய்ப் பார்த்தபோது நெல் களத்தின் ஓரமாகச் சேற்றோடு ஒதுங்கிக் கிடந்தது. இரண்டு நாளில் முளை எட்டிப் பார்த்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினாலே கொள்முதல் நிலையத்தில் தயங்குவார்கள். முளைத்த நெல்லை யார் வாங்குவார்? அவர் என்னைத் திட்டவில்லை. “ஓரிரு இடம்னா நம்ம இடமும் அதுல ஒண்ணா இருக்கலாம்ல சார்?” என்று மட்டும் கேட்டார்.

பயிர் ஆலோசனை சொல்வது என் தொழில். வானிலை அறிக்கையை ஒழுங்காகப் படிக்க நான் கற்றுக்கொண்டது அந்தக் கேள்விக்கு அப்புறம்தான்.

‘ஓரிரு இடங்களில்’ என்பதை மழுப்பலாகச் சொல்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை மழை பதிவாகும் என்றால் ‘ஓரிரு இடங்களில்’. கால்வாசிக்கு மேல் பாதி வரை என்றால் ‘ஒருசில இடங்களில்’. பாதியிலிருந்து முக்கால் வரை ‘பல இடங்களில்’. அதற்கும் மேலே போனால் ‘பெரும்பாலான இடங்களில்’. கனமழை என்பதும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் அது கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை, 204.5-க்குப் போனால் அதி கனமழை. அறிக்கை எழுதுகிறவர் இந்த அளவுகளை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு சொல்லையும் போடுகிறார். நாம் காதில் வாங்கும்போது எல்லாம் ஒரே ‘மழை’ ஆகிவிடுகிறது.

இப்போது யாராவது கேட்டால் ‘வரும்’, ‘வராது’ என்று நான் சொல்வதில்லை. வந்தால் என்ன நட்டம், தடுக்க என்ன செலவு என்று திருப்பிக் கேட்கிறேன். தார்ப்பாய்க்கும் ஆள் கூலிக்கும் ஐந்நூறு ரூபாய், நெல் நனைந்தால் இருபதாயிரம் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே தார்ப்பாய் போடுவதுதான் புத்தி. அதே அறிக்கையை வைத்துக்கொண்டு, அதே நாளில், பக்கத்து மானாவாரிக்காரரிடம் “இதை நம்பி விதைக்காதீங்க, இன்னும் ஒரு உழவு மழை பெய்யட்டும்” என்று சொல்வேன். அறிக்கை ஒன்றுதான். கையில் இருக்கும் வேலை வேறு, அதனால் பதிலும் வேறு.

மதுரையில் இது இன்னும் சிக்கல். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே இறக்கிவிடுகிறது. பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்துதான் 1895-லிருந்து நமக்கு வருகிறது. நம் மண்ணில் நேராக விழுவதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மழை. மிச்சத்தில் நிறைய, வெப்பச்சலனத்தால் சாயங்காலம் திரண்டு இரவுக்குள் கரையும் இடிமழை. அந்த மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். திருநகரில் ரோட்டில் தண்ணீர் ஓடும்போது அண்ணாநகரில் புழுதி பறக்கும். 2024 அக்டோபர் 25-ஆம் தேதி மதுரையில் பிற்பகல் மூன்று மணியிலிருந்து பதினைந்து நிமிடத்தில் மட்டும் 4.5 சென்டிமீட்டர் மழை பெய்தது. செல்லூர்ப் பக்கத் தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தை எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்று மூன்று நாளுக்கு முன்னால் சொல்ல உலகத்தில் இன்னும் எவராலும் முடியாது. இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் எச்சரிக்க முடியும். அந்த உடனடி எச்சரிக்கை நம் கைப்பேசிக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. தமிழ்நாடு அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலியையும், 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் விழுவதைக் காட்டும் ‘தாமினி’யையும் நான் போகும் ஊரெல்லாம் பதிவிறக்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன். வெட்டவெளியில் ஆடு மேய்க்கிறவர்கள் கையில் ‘தாமினி’ கட்டாயம் இருக்க வேண்டும்.

இனி வரப்போவது என்ன? 2025 மே மாதம் இந்திய வானிலைத் துறையின் ‘பாரத் முன்கணிப்பு முறை’ நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நாட்டை 12 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். இப்போது கட்டம் 6 கிலோமீட்டர். திருப்பரங்குன்றத்திலிருந்து அழகர்கோவில் வரை இரண்டு மூன்று கட்டமாக இருந்தது ஐந்து கட்டம் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு பக்கம் செயற்கை நுண்ணறிவு. 2023-இல் வெளிவந்த கூகுள் டீப்மைண்டின் ‘கிராஃப்காஸ்ட்’ பத்து நாள் முன்கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் போட்டுத் தருகிறது. சூப்பர் கணினிகள் மணிக்கணக்கில் செய்யும் வேலை அது. 2025-இல் தென்மேற்குப் பருவமழை எப்போது தொடங்கும் என்ற செயற்கை நுண்ணறிவு முன்கணிப்பை மத்திய வேளாண் அமைச்சகம் 3.8 கோடி விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. எனக்கு இதில் சந்தோஷமும் உண்டு, ஏக்கமும் உண்டு. இதே அக்கறையோடு வடகிழக்குப் பருவமழைக்கும் ஒருவர் உட்கார வேண்டும். உசிலம்பட்டி, பேரையூர் கரிசலில் விதை போடுகிறவருக்கு ஜூன் மாதச் செய்தியால் ஆகப்போவது கொஞ்சம். புரட்டாசிக் கடைசியில் அவருக்கு ஒரு செய்தி வர வேண்டும்.

இந்தப் புதுக் கணினிகள் எதைப் பார்த்துப் படிக்கின்றன என்பதையும் யோசிக்க வேண்டும். கடந்த நாற்பது வருஷத்துப் பதிவுகள்தான் அவற்றுக்குப் பாடப் புத்தகம். சென்னையில் 1792-இல் வானாய்வு நிலையம் அமைந்த காலத்திலிருந்து யாரோ ஒருவர் தினமும் போய் அளந்து எழுதியதன் தொடர்ச்சி அது. நம் ஊரில் மழை பெய்து யாரும் அளக்கவில்லை என்றால், அந்த மழை எந்தக் கணக்கிலும் ஏறாது. மாநிலம் முழுக்கத் தானியங்கி மழைமானிகள் நிறைய வந்துவிட்டன, நல்லதுதான். ஆனாலும் இரண்டு மானிகளுக்கு நடுவில் எத்தனையோ கண்மாய்கள் இருக்கின்றன.

அளப்பது சுலபம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேர்ச்சுவர் டப்பா ஒன்று, ஒரு ஸ்கேல். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் காற்றில் சாயாமல் பதித்து வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு எடுத்துப் பாருங்கள். நாடு முழுக்க மழையை அளக்கிற நேரம் அதுதான். டப்பாவில் ஒரு மில்லிமீட்டர் நின்றால் ஒரு ஏக்கரில் நாலாயிரம் லிட்டர் விழுந்திருக்கிறது. 25 மில்லிமீட்டர் என்றால் லட்சம் லிட்டர். அன்றைக்கு மோட்டார் போடத் தேவையில்லை என்று நான் சொல்லாமலே தெரிந்துவிடும்.

வலையங்குளத்தில் மல்லிகை போட்டிருக்கும் ஓர் அக்காவுக்குப் போன வருஷம் இப்படி ஒரு டப்பா வைத்துக் கொடுத்தேன். மொட்டுப்புழுவுக்கு மருந்தடித்து, அன்று சாயங்காலமே மழையில் கழுவிப் போய், மறுபடி கடன் வாங்கி அடித்தவர். “தட்டான் தாழப் பறந்தா மழைனு எங்க அப்பத்தா சொல்லும், அதையும் எழுதட்டுமா தம்பி?” என்று கேட்டார். “தாராளமா எழுதுங்கக்கா” என்றேன். இப்போது மருந்தடிக்கும் முன்னால் வானிலையோடு பயிர் ஆலோசனையும் சொல்லும் ‘மேகத்தூது’ செயலியைப் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். போன வாரம் அந்த நோட்டைப் பார்த்தேன். பூ எடைக் கணக்குக்கு நடுவில், பென்சிலில், அவர் கையெழுத்து: ‘வியாழன். தட்டான் பறந்துச்சு. செல்லுல ஓரிரு இடம்னு போட்டிருந்துச்சு. மருந்து அடிக்கல. 14 மி.மீ.’