மரபணு மாறினால் பரம்பரை நோயா?

ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மகன் என்னிடம் கேட்டார்: "டாக்டர், அப்பாவுக்கு மரபணு மாற்றம் என்று எழுதியிருக்கிறது. எனக்கும் வருமா? என் பெண்ணுக்கு?" அவர் மனைவி தாழ்ந்த குரலில், "சொந்தக்காரர்களிடம் இன்னும் சொல்லவில்லை, டாக்டர். நாளைக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே" என்றார். அப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் கட்டி. முப்பது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலை போட்டவர்.

சிங்கப்பூரில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்பவன் நான். இந்தக் கேள்வியைத் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து அடிக்கடி கேட்கிறேன். அவர்கள்மேல் தவறில்லை. ஜீன் என்பதற்கு நாம் வைத்த பெயரிலேயே மரபு உட்கார்ந்திருக்கிறது. மரபணு என்றதும் தாத்தா சொத்துப்போல் வழிவழியாக வருவது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது.

அந்த அறிக்கை சொன்னது வேறு. தலை, கழுத்துப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது, வாயையும் தொண்டையையும் மூடியிருக்கும் செதிள் செல்களில் தோன்றுபவை. செல்லின் மரபுப்பொருள் சேதமானால் பிரிவதை நிறுத்தச் சொல்லும் காவல்காரன், டிபி53 என்ற மரபணு. புகையும் புகையிலைச் சாறும் ஆண்டுக்கணக்கில் பட்டுப்பட்டு, நாக்கில் ஏதோ ஒரு செல்லில் அது கெடுகிறது. அந்தச் செல்லின் வாரிசுகளில் மேலும் சில மரபணுக்கள் கெடுகின்றன. இவை பிறந்தபின் வந்த மாற்றங்கள். கட்டியில் இருக்கின்றன, பிள்ளைகளுக்குப் போவதில்லை. விதிவிலக்குகள் உண்டு. ஃபன்கோனி இரத்தசோகை என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோய் தென்சீன வம்சாவளிக் குடும்பங்கள் சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவரைத் தாக்குகிறது. அதில் எப்ஸ்டைன்-பார் வைரஸுக்கும் பங்குண்டு.

டான்சிலிலும் அடிநாக்கிலும் வருவது பல நேரம் இன்னொரு கதை. அங்கே டிபி53 உருவாக்கும் காவல் புரதத்தை எச்பிவி 16 என்ற வைரஸின் புரதமே அழித்துவிடுவதால், டிபி53 மரபணு பெரும்பாலும் கெடாமலேயே இருக்கும். அந்த வகை சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படுகிறது. 'தொண்டையில் கேன்சர்' என்று உறவினர் ஒரே பெயரால் சொல்வதற்குள் இத்தனை நோய்கள்.

இன்னொன்றையும் அந்த மகனுக்கு விளக்கினேன். கட்டி என்பது ஒரே மாதிரிச் செல்களின் குவியல் இல்லை. அதற்குள் நார்த்திசுச் செல்கள், இரத்தக் குழாய்கள், எதிர்ப்புச் செல்கள் எல்லாம் சந்தைக் கூட்டம்போல் நெருக்கியடிக்கின்றன. 2017இல் 18 நோயாளிகளின் கட்டிகளிலிருந்து சுமார் 6,000 செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். கட்டியின் விளிம்பில், நார்த்திசுச் செல்களை ஒட்டியிருந்த சில புற்றுச் செல்கள் பாதி உருமாறி, நகர்ந்து பரவும் குணத்தைப் பெற்றிருந்தன. கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவதோடு அந்த உருமாற்றம் தொடர்புடையதாகத் தெரிந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு அந்த விளிம்புதான் நினைவுக்கு வருகிறது.

கட்டியைச் சுற்றி நல்லதுபோல் தெரியும் தோலும் பல நேரம் நல்லதாக இருப்பதில்லை. 1953இலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார்கள்: ஒரே நஞ்சில் ஊறிய வாய் முழுவதும் மாற்றத்துக்கு உள்ளாகிறது. ஒன்றை வெட்டி எடுத்தபிறகும் பக்கத்தில் இன்னொன்று முளைப்பது அதனால்தான்.

எல்லாம் கேட்டு முடித்த மகனின் முகம் தெளிந்தது. "நீங்கள் ஏதாவது மெல்லுவீர்களா, தம்பி?" என்று கேட்டேன்.

"புகையிலை தொடமாட்டேன், டாக்டர். வெறும் பாக்குதான்."

புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், பாக்கு மட்டுமேகூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் உறுதிசெய்திருக்கிறது. அதைச் சொல்லி, அவர் தந்தை உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் அவரை உட்காரவைத்தேன். வாயைத் திறக்கச் சொன்னேன். மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் இரண்டுதான் நுழைந்தன. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார்போல் இறுகியிருந்தது. கட்டி எதுவும் இல்லை. இப்போது அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே நாளில்தான் முன்பதிவு கொடுக்கிறோம்.