கருப்பு விருந்திலிருந்து சிவப்புத் திருமணம் வரை

1440ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், ஸ்காட்லாந்தின் டக்ளஸ் குடும்பத் தலைவரான ஆறாம் ஏர்ல் (ஒரு பிரபுப் பட்டம்) வில்லியமும் அவருடைய தம்பி டேவிட்டும் எடின்பரோ கோட்டைக்கு விருந்துக்கு வந்திருந்தனர். வில்லியமுக்கு வயது ஏறத்தாழ 16. மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கோ 10. சிறுவனான மன்னரின் பெயரால் ஆட்சி நடத்திய வில்லியம் கிரைட்டன் முதலியோர், டக்ளஸ் குடும்பத்தின் நிலவளத்தையும் படைபலத்தையும் கண்டு அஞ்சினர். சகோதரர்கள் இருவரும் பிடிக்கப்பட்டு, பெயருக்கு ஒரு விசாரணைக்குப் பின் தலை வெட்டிக் கொல்லப்பட்டனர். இது ‘கருப்பு விருந்து’ எனப்படுகிறது.

விருந்தின் நடுவே மரணத்தின் அடையாளமாகக் கருங்காளையின் தலை ஒன்று மேசையில் வைக்கப்பட்டது என்று சொல்வதுண்டு. நிகழ்ச்சியை ஒட்டிய காலத்துக் குறிப்புகளில் அந்தத் தலை இல்லை. பின்வந்த வரலாற்றாசிரியர்கள் சேர்த்தது அது. கற்பனை கலக்கும் வேலையை நாவலாசிரியருக்கு முன்பே அவர்கள் தொடங்கிவிட்டார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட மிகைபுனைவு நாவலில் வரும் ‘சிவப்புத் திருமண’ப் படுகொலைக்கு, அதாவது திருமண விருந்தளித்தவர்களே விருந்தினரைக் கொல்லும் நிகழ்ச்சிக்கு, இந்த விருந்தும், 1692ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளென்கோவில் நடந்த படுகொலையும் தூண்டுதலாக இருந்தன என்று அவரே கூறியிருக்கிறார். கிளென்கோ இடைக்காலத்தைச் சேர்ந்ததன்று; ஆனால் அங்கே முறிக்கப்பட்ட வழக்கம் மிகப் பழையது. மெக்டொனால்டு குலத்தாரின் வீடுகளில் ஏறத்தாழ இரண்டு வாரம் தங்கி உண்ட அரசுப் படையினர், மேலிடத்து ஆணைப்படி ஒரு விடியற்காலையில் அவர்களையே கொன்றனர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நாம் சொல்வது இதைத்தான். நம்பி இடங்கொடுத்தவரைக் கொல்வதை ஸ்காட்லாந்துச் சட்டம் சாதாரணக் கொலையைவிடக் கொடிய குற்றமாகவே வைத்திருந்தது.

இரு நிகழ்ச்சிகளும் எதிரெதிர்த் திசையில் நடந்தவை: கிளென்கோவில் விருந்தினர் கொன்றனர், எடின்பரோவில் விருந்தளித்தவர்கள் கொன்றனர். மார்ட்டின் திசையை எடின்பரோவிலிருந்தும், பலர் ஒருசேரக் கொல்லப்படுகிற பேரளவைக் கிளென்கோவிலிருந்தும் எடுத்து இணைத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைவிட நுட்பமான மாற்றம் வேறொன்று உண்டு. இடைக்கால வாசகருக்கு விருந்தோம்பலின் புனிதத்தை விளக்க வேண்டியிருந்திருக்காது. இன்றைய வாசகருக்கு அது வெறும் நாகரிகம். ஆகவே நாவலில், ஒரு வீட்டின் ரொட்டியையும் உப்பையும் உண்டவருக்கு அங்கே தீங்கு நேரக்கூடாது என்பது தெய்வங்கள் காக்கும் சட்டமாகவே முன்கூட்டி நிறுவப்படுகிறது. சட்டத்தை வாசகர் நம்பிய பிறகுதான் அது உடைகிறது.

வரலாற்றை அப்படியே எடுத்தால் இது கைகூடாது. கருப்பு விருந்து நடந்து 11 ஆண்டுகளுக்குப் பின், வளர்ந்துவிட்ட அதே இரண்டாம் ஜேம்ஸ், எட்டாம் டக்ளஸ் ஏர்லுக்குப் பாதுகாப்பு உறுதி கொடுத்து ஸ்டிர்லிங் கோட்டைக்கு வரவழைத்துத் தம் கையாலேயே குத்தினார். ஒரே குடும்பத்தை ஒரே மன்னரின் கோட்டையில் இருமுறை ஏமாற்றிக் கொல்வதாக எழுதினால், பதிப்பாசிரியர் ஒன்றை நீக்கச் சொல்லியிருப்பார்.

நாடும் பெயரும் மாற்றப்படுவதற்கும் இதில் பங்குண்டு. இங்கிலாந்தில் லங்காஸ்டர், யார்க் குடும்பங்கள் அரியணைக்காக மோதிய ரோஜாப் போர்கள், மார்ட்டினின் நாவலில் வரும் லானிஸ்டர், ஸ்டார்க் குடும்பங்களின் பகைக்கு அடித்தளம். ஒலியொற்றுமை காதிலேயே விழும். எனினும் அந்தப் போர்களில், 1485ஆம் ஆண்டு பாஸ்வர்த் களத்தில் ஹென்றி டியூடர் வென்றதைப் பள்ளிப்பாடமாகப் படித்தவர்கூட, நாவலின் இளம் வடநாட்டு மன்னன் திருமண மண்டபத்துக்குள் நுழையும்போது அவனுக்கு என்ன நேரும் என்பதை அறிந்திருக்க வழியில்லை.