கழுத்துக்குப் போட்ட கஞ்சி

முதலாம் எலிசபெத் ஆண்ட காலத்து ஆங்கிலேயர் ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆணோ பெண்ணோ, முறுக்குப் பிழிந்தது போல மடிப்பு மடிப்பாக ஒரு வெள்ளை வளையம் கழுத்தைச் சுற்றி நிற்கும். அதற்கு ரஃப் என்று பெயர். நிற்கும் என்பதுதான் இங்கே விஷயம். ஆளிச்செடி நாரில் நெய்த மெல்லிய லினன் துணிக்குத் தானாக நிற்கிற பழக்கம் கிடையாது. பெரிய ரஃபுகளுக்கு அடியில் கம்பிச் சட்டம் வைத்தார்கள். ஆனாலும் அந்த மடிப்புகளைக் காப்பாற்றியது கஞ்சிதான்.

1564இல் இன்றைய பெல்ஜியம் பக்கமுள்ள ஃபிளாண்டர்ஸிலிருந்து டிங்கன் வான் டெர் பிளாஸ் என்ற பெண் கணவரோடு லண்டனுக்கு வந்து, கஞ்சி போடுவதையே தொழிலாக்கினார். கற்றுக்கொடுக்க 4 அல்லது 5 பவுண்டு. கஞ்சி காய்ச்சும் முறைக்குத் தனியாக 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. அந்த 20 ஷில்லிங்கே ஒரு கூலியாளுக்கு ஏறத்தாழ ஒரு மாத வருமானம். வெறும் கஞ்சிக்கா என்று தோன்றும். ஆனால் பக்குவம் தவறினால் துணி கட்டிகட்டியாகிவிடும்.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கோத்த நீண்ட சங்கிலி. அன்று கஞ்சிக்குப் பயன்பட்ட கோதுமையில் அது நுண்ணிய மணிகளாகச் சுருண்டு கிடக்கிறது. பச்சைத் தண்ணீரில் கலக்கினால் கரையாது, அடியில் தங்கிவிடும். சுமார் 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறும்போது தண்ணீர் உள்ளே புகுந்து மணிகள் உப்புகின்றன, உடைகின்றன. சங்கிலிகள் வெளியே வந்து கூழாகிறது. லினன் நாரை ஆக்கியிருக்கும் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான், கோத்த விதம் மட்டும் வேறு. அதனால் இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்புகள் என்ற மூலக்கூறு ஈர்ப்புகளால் நன்றாகவே ஒட்டிக்கொள்கின்றன. காய்ந்ததும் இழைகளைச் சுற்றிக் கண்ணாடி போல விறைத்த ஒரு படலம் மிஞ்சும்.

சரி, வளைவுகள் எப்படி வந்தன? ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் படலம் இளகும். சற்று ஈரமான ரஃபின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒரு குச்சியை விட்டு உருட்டி வடிவம் கொடுத்தார்கள். முதலில் மரக்குச்சி, எலும்புக்குச்சி. 1570களில் எஃகுக் கம்பி வந்தது. எஃகைக் காய்ச்சிப் பயன்படுத்தலாம். தொட்ட இடத்தில் ஈரம் ஆவியாகி, வளைத்த வடிவத்திலேயே படலம் இறுகிவிடும்.

இறுகியது மழை வரும்வரைதான். தண்ணீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே நுழைந்து பிணைப்புகளைப் பங்கு போட்டுக்கொள்ளும், விறைப்பு போய்விடும். லண்டன் மழையை நினைத்துக்கொள்ளுங்கள்! 1583இல் ஃபிலிப் ஸ்டப்ஸ் என்பவர் கஞ்சியைப் பிசாசின் திரவம் என்று திட்டியதோடு, மழையிலும் காற்றிலும் ரஃபுகள் கந்தலாகப் படபடப்பதைக் கேலியும் செய்தார். மனிதர் எல்லா நாகரிகத்தையும் திட்டுகிறவர். மழை விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது சரி.

அதைவிடப் பெரிய சிக்கல், ரொட்டிக்கும் ரஃபுக்கும் ஒரே கோதுமை. 1594 முதல் நான்கு ஆண்டுகள் விளைச்சல் பொய்த்து ஏழைகள் பட்டினி கிடந்தபோது, தானியத்தைக் கஞ்சிமாவுக்கு வீணாக்குவது பெரும் புகாராகி, அரசும் தலையிட்டது.

கோதுமைக்கு மாற்றும் இருந்தது. இங்கிலாந்தின் வேலியோரங்களில் வளரும் குக்கூபின்ட் என்ற செடியின் கிழங்கு. மிகத் தூய வெள்ளைக் கஞ்சிமாவு இதில்தான் கிடைக்கிறது, ஆனால் சலவைப் பெண்களின் கை வெடித்துக் கொப்புளித்து எரிகிறது என்று 1597இல் மூலிகை அறிஞர் ஜான் ஜெரார்ட் எழுதினார். இந்தச் செடியில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு, அவை தோலில் குத்தும். சேனையும் சேம்பும் இதே குடும்பம்தான். சேனை நறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அதே அரிப்பு.