டென்ஷன்: மனசுக்கா, ரத்தக் குழாய்க்கா?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்கும். இரண்டுக்கும் பொதுவாகிப்போன இங்கிலீஷ் சொற்களில் 'டென்ஷன்' முதல் வரிசை. தமிழில் டென்ஷன் ஆகிறோம். மலையாளத்தில் 'டென்ஷன் அடிக்கண்டா' என்பார்கள். ஆந்திர எல்லையில் நகரிப் பக்கம் போனால் 'டென்ஷன் படொத்து'. நாம் கவலைப்படுவதில் இருக்கும் அதே 'படு'தான்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'தெந்தெரே' என்றால் இழுத்து நீட்டுவது. துணி காயப்போட இழுத்துக் கட்டிய கொடிக்கயிற்றில் இருப்பது டென்ஷன். பௌதிகப் பாடத்தில் அதுவே இழுவிசை. 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் ரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தையும் டென்ஷன் என்றே சொன்னார்கள். பிரெஞ்சில் இன்றும் ரத்த அழுத்தத்துக்கு 'தான்சியோன்' என்றுதான் பெயர். அந்த டென்ஷனுக்கு முன்னால் 'மிகை' என்ற பொருளுள்ள கிரேக்க 'ஹைப்பர்' ஒட்டிக்கொண்டு, பிரஷர் நோய்க்கு ஹைப்பர்டென்ஷன் என்று பெயர் ஆனது. ஆக, அந்த நோயின் பெயரில் உள்ள டென்ஷன் குழாயைப் பற்றியது. மனசுக்கு அதில் பங்கில்லை.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. "எனக்கு ஒரு டென்ஷனும் இல்லீங்க, புள்ளைக்குக் கல்யாணமும் ஆயிருச்சு. இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?" என்று மருந்துக்கடையில் கேட்கிறவர்கள் உண்டு. கேட்டதோடு நிற்பதில்லை, மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். அழுத்தம் 140/90க்கு மேல் போனாலும் பலருக்கு ஓர் அறிகுறியும் தெரியாது. எந்நேரமும் சிரித்த முகமாக இருப்பவருக்கும் 160 காட்டும். வயது, பரம்பரை, உடல் எடை, சாப்பாட்டில் உப்பு எல்லாம் அதில் வேலை செய்கின்றன. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது; ஊறுகாயும் பப்படமும் இல்லாமல் இலை போடாத ஊரில் இதை யாரிடம் சொல்வது?

நம் 'ரத்தக் கொதிப்பு' மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. கோபம் வந்தால் ரத்தம் கொதிக்கும் என்பதால், 'நான் கோபப்படுவதே இல்லையே' என்று நினைக்க வைக்கிறது. பேச்சுக்கு அருமையான சொல். நோய்க்குப் பெயராக வைக்க நான் தயங்குவேன்.

சரி, மனசுக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லையா? நிறைய உண்டு. பதறும்போது அட்ரினலின் சுரந்து நாடி ஏறும், குழாய்கள் சுருங்கும், கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடும். விஷயம் முடிந்ததும் எல்லாம் இறங்கிவிடும். வட்டிக் கடனும் வீட்டுச் சண்டையும் மாதக்கணக்கில் நீண்டால்தான் வம்பு: கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடியே இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, தொப்பை விழும். தூக்கம் கெடும், பீடி கூடும், நடை குறையும். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புக்கு வழிவிடும் முக்கியமான ஒன்பது காரணிகளில் மனநெருக்கடியையும் சேர்த்தது. புகை, சர்க்கரை நோய், தொப்பை ஆகியவையும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? பஸ் வராத பத்து நிமிட டென்ஷனுக்குப் 'பதற்றம்' அல்லது 'படபடப்பு' போதும். நாள்கணக்கில் நீடிப்பதற்கு 'மன இறுக்கம்'. இழுத்துக் கட்டிய பொருளும் அதில் வந்துவிடுகிறது. 'மன உளைச்சல்' என்றாலும் பழுதில்லை. 'மன அழுத்தம்' என்பதில்தான் குழப்பம். ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதுவே, டிப்ரஷனுக்கும் அதுவே என்று எழுதுகிறார்கள். இரண்டும் வேறு, வைத்தியமும் வேறு. டிப்ரஷனுக்கு 'மனச்சோர்வு' என்ற சொல் தயாராக இருக்கிறது. ஹைப்பர்டென்ஷனுக்கு 'உயர் ரத்த அழுத்தம்'. மருந்துச் சீட்டில் 'எச்டிஎன்' என்று சுருக்கி எழுதியிருப்பதும் இதைத்தான்.