வகுப்பில் தூங்கும் பையன்

எங்கள் சிறையில் கைதிகளுக்கு நான் நடத்தும் கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்பு காலை 9 மணிக்கு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த் பகுதிப் பையன் ஒருவன், 22 வயது, பத்தே நிமிடத்தில் கண் சொருகிவிடுவான். ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று அவன் கோப்பில் எழுதியது நான்தான். (ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

சிறைக்குப் பார்க்க வந்த அவன் ஆயாதான் (பாட்டி) சொன்னார்: “ராத்திரியிலே தூக்கமே வரலைன்னு அழுவுறான் டாக்டரம்மா. சுகர்ஸை விட்டதிலேருந்து இப்படித்தான்.”

சுகர்ஸ் என்னவென்று டர்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மட்ட ரக ஹெராயின் கலவை. அதை நிறுத்தினால் வரும் வாந்தி, உடம்புவலி, நடுக்கம் எல்லாம் ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். தூக்கம் அப்படியல்ல. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் கெட்டுக்கிடக்கும். அப்படிப்பட்டவனிடம் போய் ‘கோபம் வந்தால் பத்துவரை எண்ணு’ என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்! மருத்துவரிடம் அனுப்பினோம், வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்றினோம். திருந்திவிட்டான் என்று சொல்லமாட்டேன். விழித்து உட்கார்ந்தான், ஒரு நாள் கேள்வியும் கேட்டான்.

அப்புறம், தலையில் அடிபட்டவர்கள். ‘எப்போதாவது அடிபட்டு நினைவு தப்பியதா?’ என்று இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். ‘ஆமாம், ரெண்டு மூணு தடவை’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதிதான் நமக்கு பிரேக். அது முழுதாக முதிரவே ஏறக்குறைய 25 வயதாகும். அங்கே அடிபட்டவனுக்கு விதி தெரியும், ஒப்பிக்கவும் செய்வான். ஆனால் கை முந்திக்கொள்ளும்.

தாய் குடித்த மது கருவிலேயே பாதித்தவர்களைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். நம் நாட்டின் மேற்குக் கேப் மாகாணத் திராட்சைத் தோட்டங்களில் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்த ‘டாப்’ முறையின் மிச்சம் அங்கே இன்றும் தெரிகிறது. இந்தப் பாதிப்பு உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் அதுவும் ஒன்று. கேப் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று இருந்துவிடக் கூடாது, எங்கள் வகுப்புக்கும் வருகிறார்கள். நன்றாகப் பேசுவார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள், மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. ஒரு நேரத்தில் ஒரே விஷயம், சின்ன வாக்கியம், படம், திரும்பத் திரும்ப. வேறு வழியில்லை.

‘அப்பன் ரத்தம், அதான் இப்படி’ என்று கோயில் வாசலில் பேசுவதைக் கேட்டால்தான் எரிச்சல் வருகிறது. 2002-ல் நியூசிலாந்தின் டனீடின் நகர ஆண்களை வைத்து வெளிவந்த ஆய்வில், ஒரு மரபணு வகையும் சின்ன வயதில் பட்ட கொடுமையும் சேர்ந்த இடத்தில்தான் வன்முறை கூடியது. மரபணு தனியாக ஒன்றும் செய்யவில்லை.

24 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்குத் திருத்தத் திட்டம் போட வேண்டும் என்கிறது நம் சிறைச் சட்டம். உள்ளே வரும்போதே உடல்நிலையையும் பதிவு செய்ய வேண்டும். சரி, படிவத்தில் ஏறுவது கைதி சொல்வதுதானே? விழுந்தது, வலிப்பு வந்தது, பிரசவத்தில் நடந்தது எல்லாம் வீட்டாருக்குத்தான் தெரியும். வந்து சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த ஆயா அடுத்த முறை ஒரு பழைய ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தார். நாலு வயதில் கார் இடித்து இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். அவனுக்கே அது தெரியாது.