ஐதரோஜெல்: நீர்க்கூழா, நீர்க்களியா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பாமசிக்குப் போய் "புண்ணுக்குப் போடுற ஜெல் ஒண்டு தாங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். கைக்குப் பூசும் கிருமிநீக்கி ஜெல், மூட்டு வலிக்குத் தேய்க்கும் ஜெல், தழும்புக்கு ஒட்டும் சிலிக்கோன் ஜெல் தகடு, ஐதரோஜெல் என்று எது வேண்டுமானாலும் மேசைக்கு வரலாம். முதலாவதில் மதுசாரம் இருக்கிறது, திறந்த புண்ணில் பட்டால் உயிர் போகும் எரிவு. சிலிக்கோன் தகட்டில் தண்ணீரே கிடையாது. அது ஆறி மூடிய தோலில் தழும்பு தடிக்காமல் இருக்க ஒட்டுவது. திறந்த புண்ணுக்கென்றே வருவது கடைசியாகச் சொன்ன ஐதரோஜெல்தான். ஜெல் என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் மூடிவிடுவதால், தமிழ்ப் பெயர் வைப்பது இங்கே மொழிப்பற்றுக்காக மட்டுமல்ல.

முதலில் சொல். 'ஐதரோ' என்பது தண்ணீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த முன்னொட்டு. நம் பாடநூல்களில் வரும் ஐதரசனுக்கும் அதே வேர்தான், தண்ணீரைப் பிறப்பிப்பது என்ற பொருளில் அந்த வாயுவுக்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் ஐதரோஜெல்லில் உள்ள ஐதரோ தண்ணீரே, வாயு அல்ல. 'ஐதரசன் கூழ்' என்று பெயர்ப்பது பிழை. 'ஜெல்' என்பது ஜெலற்றினை வெட்டிச் சுருக்கியது. அதன் அடியில் 'உறைதல்' என்ற இலத்தீன் வினை கிடக்கிறது. ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர் தோமஸ் கிரகாம் 1860களில் கூழ்மங்களை ஆராய்ந்தபோது புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. மருத்துவத்துக்குள் இந்தப் பொருள் பெரிய அளவில் நுழைந்தது 1960இல். செக்கோஸ்லோவாக்கியாவின் ஒட்டோ விக்டர்லேயும் திராகொஸ்லாவ் லிம்மும் உயிரியல் பயன்பாட்டுக்கான நீர்விரும்பி ஜெல்கள் பற்றி அந்த ஆண்டு எழுதினார்கள். மென்மையான கொன்டாக்ட் லென்ஸ் அந்த வழியில் வந்ததுதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'நீர்க்கூழ்' என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கூழ் ஓடும். ஒடியல் கூழைப் பிளாவில் ஊற்றிக் குடிக்கிறோம், கத்தியால் வெட்டுவதில்லை. 'உறைகூழ்' என்பது இலத்தீன் வேருக்கு நேர்மையானது. தயிர் உறைவது போன்ற படிமமும் அதில் இருக்கிறது. ஆனால் தமிழில் 'உறை' என்றால் மூடுவதும்தான், காயத்தை மூடும் பொருளுக்கு அந்தப் பெயர் வைத்தால் குழப்பம் இரட்டிக்கும். எழுத்துப்பெயர்ப்பாக 'ஐதரோசெல்' என்று போட்டால், இலங்கையில் நாம் கலம் என்பதைத் தமிழகத்தில் 'செல்' என்பதால் அங்குள்ளவர் வேறொன்றை நினைப்பார். எனக்குப் பொருந்துவது 'நீர்க்களி'. உழுத்தங்களி தட்டில் வைத்த வடிவத்தில் நிற்கும், அழுத்தினால் அமுங்கும், விட்டால் ஓடாது. ஜெல்லின் குணமும் அதுதான்.

இதைவிட நெருங்கிய உதாரணம் நோன்பு காலத்துக் கொழும்பு வீடுகளில் இருக்கிறது: கடற்பாசி. ஒரு லீற்றர் தண்ணீருக்குப் பத்துக் கிராம் தூள் போதும். கொதிக்க வைத்து ட்ரேயில் ஊற்றி ஆறவிட்டால் டயமன் துண்டுகளாக வெட்டலாம். கையில் இருப்பது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர், ஆனாலும் கை வழியாக வழியவில்லை. கடற்பாசியின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகி, தண்ணீரைக் கண்களுக்குள் சிறைப்பிடித்துவிட்டன. ஐதரோஜெல்லுக்கு வரைவிலக்கணமே இதுதான்: நீரில் கரையாமல், நீரைத் தன்னுள் ஏற்றி ஊதி நிற்கும் பல்பகுதிய (பொலிமர்) வலை. மறுநாள் அதே ட்ரேயின் மூலையில் ஒரு கரண்டி தண்ணீர் ஊறித் தேங்கியிருக்கும். வலை இறுகி நீரை வெளியே தள்ளுகிறது. மருத்துவ நீர்க்களிகளிலும் இந்த நீர்விடுதல் உண்டு. பொதியைப் பிரிக்கும்போது தகட்டைச் சுற்றி ஈரம் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனிப் பட்டு, அதிலிருந்தும் நீர்க்களி செய்கிறார்கள். கூறைச்சேலையில் மினுங்குகிற அதே புழுவின் நூல்தான், ஆனால் நீர்க்களிக்கு வேண்டியது அதில் ஒரு பகுதி மட்டும். பட்டுக்கூட்டின் இழையில் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. உள்ளே இருப்பது பைப்ரோயின், எடையில் 70 முதல் 80 சதவீதம். இழை என்ற சொல்லடியாக வந்த பெயர், ஆகவே 'பட்டிழைப் புரதம்' என்று தாராளமாகச் சொல்லலாம். வெளியே அதை ஒட்டிப் பிடித்திருப்பது செரிசின். பட்டுக்கான இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, 'பட்டுப் பசை' என்றால் போதும். பசை எஞ்சிய பட்டை உடலுக்குள் வைத்தால் அழற்சி வருகிறது என்பது பட்டுத் தையல்நூல் காலத்திலிருந்தே அறிந்த சங்கதி. அதனால் முதல் வேலை பசை நீக்கல்.

ஆய்வுகூட வழக்கப்படி, நறுக்கிய கூடு 5 கிராமை 2 லீற்றர் கொதிநீரில், 4.24 கிராம் சோடியம் காபனேற்றுடன், 30 நிமிடம் அவிக்கிறார்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் இருபது இருபது நிமிடமாக மூன்று தடவை அலசி, பிழிந்து, இரவு முழுக்க உலர விடுகிறார்கள். பஞ்சு மாதிரி வரும். இங்கே தராசுதான் நீதிபதி: எடை கால் பங்குக்குச் சற்று மேல் குறைந்திருந்தால் பசை போய்விட்டது. மிகக் குறைவாகவே இறங்கியிருந்தால் பசை எஞ்சியிருக்கிறது. நல்லதுக்குத்தானே என்று ஒரு மணிநேரம் அவித்தால் பைப்ரோயின் சங்கிலிகளே அறுந்து குட்டையாகிவிடும், பின்னால் வரும் களி வலுவில்லாமல் போகும். உலர்ந்த பஞ்சு ஒவ்வொரு கிராமுக்கும் 9.3 மோலர் இலிதியம் புரோமைட்டுக் கரைசல் 4 மில்லிலீற்றர் ஊற்றி, 60 பாகையில் நான்கு மணிநேரம் வைத்தால் தேன் நிறத்தில் கரையும். அந்த உப்பை நீரில் கலக்கும்போது கடுமையாகச் சூடேறும், பனிக்கட்டித் தட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பிறகு சவ்வுப் பையில் இட்டு, இரண்டு நாள், ஆறு தடவை நீர் மாற்றி உப்பை வெளியேற்றுவார்கள். கடைசியில் கிடைப்பது 7–8 சதவீதப் பட்டுக் கரைசல். 4 பாகைக் குளிரில் வைத்தால் ஒரு மாதம் அளவில் தாங்கும்.

இந்தக் கரைசலைக் களியாக்குவது எளிது, களியாகாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். போத்தலை ஓங்கிக் குலுக்கினாலே போதும். பைப்ரோயினில் கிளைசீன், அலனீன், செரீன் மாறி மாறி வரும் நீண்ட பகுதிகள் உண்டு. அவை அருகருகே மடிந்து தாள் அடுக்கினாற்போல் இறுகும். 'பீற்றாத் தாள்' என்று உயிர்வேதியியலில் சொல்வது இதைத்தான். அந்த இறுக்கங்களே வலையின் முடிச்சுகள். வேண்டுமென்றே செய்வதானால் மீயொலி அதிர்வு கொடுப்பார்கள், அல்லது pH பெறுமானத்தை 4 அளவுக்கு இறக்கி அமிலத்தன்மையைக் கூட்டுவார்கள். இப்படி வரும் களி பால் வெள்ளை, நறுக்கலாம், வளைத்தால் நொறுங்கும். நொதியமும் மிகச் சிறிதளவு ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்த்துப் பிணைத்தால் கண்ணாடி போலத் தெளிந்து இறப்பர் போல இழுபடும். முழங்கால், விரல் மடிப்பு போன்ற இடங்களுக்கு அதுவே ஏற்றது. தனிப் பட்டின் நொறுங்கும் குணத்தை மாற்ற ஜெலற்றின், கைட்டோசான் போன்றவற்றைக் கலப்பதும் உண்டு. தோலின் நொதியங்கள் பட்டை மெல்ல மெல்லச் செரித்துவிடும் என்பது இதன் பெரிய நன்மை. ஆனாலும் பட்டு நீர்க்களிகள் பெரும்பாலும் இன்னும் ஆய்வு மேசையில்தான் இருக்கின்றன. பாமசியில் ஐதரோஜெல் என்று கிடைப்பவற்றில் பெரும்பகுதி செலுலோசு வழிப்பொருளிலும் செயற்கைப் பல்பகுதியங்களிலும் செய்தவை. பெட்டியில் 'சில்க்' என்று கண்டு ஏமாறவும் வேண்டாம், சில்க் டேப் என்பது வெறும் ஒட்டுநாடா.

மூன்றாவது சொல் 'ட்ரெசிங்'. வாட்டில் நாம் சொல்வது 'மருந்து கட்டுறது'. அழகான வழக்குத்தான், ஆனால் நீர்க்களியில் பெரும்பாலும் மருந்தும் இல்லை, கட்டும் இல்லை. காயத்தைத் தொட்டுக் கிடப்பதை 'காய மேலுறை' என்றும், அதை இடத்தில் பிடித்து வைக்கும் துணியைக் 'கட்டு' என்றும் பிரித்துக்கொண்டால் அறிவுறுத்தல் எழுதும்போது கை தடுமாறாது. களி உள்ளே, கட்டு வெளியே.

பாவனையில் தவறுவது எங்கே? காயவிட்டால்தான் புண் ஆறும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியது. 1962இல் ஜோர்ஜ் விண்டர் பன்றித் தோலில் செய்த பரிசோதனையில், மூடி ஈரலிப்பாக வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காய்ந்த புண்ணில் பொருக்குக்கு அடியால் சுரங்கம் தோண்டிப் போகவேண்டிய கலங்கள், ஈரலிப்பில் மேலாகவே நகர்கின்றன. இங்கே 'ஈரம்' என்று எழுதாமல் 'ஈரலிப்பு' என்று எழுதுவதே சரி, ஊறித் தொப்பலாவது வேறு சங்கதி. நீர்க்களி தண்ணீரைக் கொடுக்கிற பொருள். ஆகவே வறண்ட, மஞ்சள் அழுகல் படிந்த புண்ணுக்கும் சிறிய எரிகாயத்துக்கும் பொருந்தும். எரிகாயம் என்றால் முதலில் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம், மற்றதெல்லாம் பிறகு. ஊனீர் வடிகிற புண்ணில் நீர்க்களி வைத்தால் சுற்றுத் தோல் நனைந்து, உடுப்புத் தோய்த்த விரல் நுனி மாதிரி வெளுத்துச் சுருங்கும். வெள்ளை விளிம்பு கண்டால் அது தவறான தெரிவு, இல்லையென்றால் மாற்ற நாள் தப்பிவிட்டது.

ட்யூபில் வரும் களியானால், 0.9 சதவீத உப்புக் கரைசலால் கழுவி, புண்ணின் எல்லைக்குள் மட்டும் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தடிப்பில் இட்டு, மேலே இரண்டாம் மேலுறை போட வேண்டும். அது பஞ்சு மட்டுமாக இருந்தால் களியின் தண்ணீரை உறிஞ்சிவிடும், மாலைக்குள் களி காய்ந்து பிசினாகிப் புண்ணில் ஒட்டும். பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளுக்கொரு தடவை மாற்றுவார்கள். தகடு இன்னும் சில நாள் தாங்கும். சீனி வருத்தம் உள்ளவர் குதிக்காலில் கறுத்து இறுகி, சீழோ மணமோ இல்லாமல் காய்ந்து கிடக்கும் பொருக்கை மட்டும் வீட்டில் நனைத்து இளக்கக்கூடாது. இரத்த ஓட்டம் குறைந்த காலில் அந்தக் காய்ந்த மூடியே கிருமியை உள்ளே விடாத கதவு. அதைத் திறப்பதா விடுவதா என்பதை, காலின் நாடியைப் பார்த்த வைத்தியர்தான் சொல்லவேண்டும்.