கட்டைவிரல் வெளியே இருக்கட்டும்

"விளையாடும்போது அடிபட்டது" என்றார். எந்த விளையாட்டு என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "கார் பந்தயம். கம்ப்யூட்டரில்" என்றார். வலது கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கியிருந்தது. நான்கு நாட்களாகச் சாவியைத் திருப்ப முடியவில்லையாம். விரலை மெல்ல வெளிப்பக்கம் சாய்த்துப் பார்த்தேன். ஓரிடத்தில் கெட்டியாகத் தடுக்க வேண்டிய மூட்டு நார் தடுக்கவில்லை. விரல் தொளதொளவென்று போய்க்கொண்டே இருந்தது.

கை மூட்டுகளுக்குச் சிகிச்சை தரும் இயன்முறை மருத்துவர் நான். இதே மூட்டு நார் (லிகமெண்ட்) தொய்ந்துபோவதை 1955இல் கேம்பெல் என்ற மருத்துவர், ஸ்காட்லாந்தில் வேட்டைக் காடுகளைக் காத்த காவலர்களிடம் கண்டு எழுதினார். முயல்களின் கழுத்தை முறிக்கும் வேலை அவர்களுடைய கட்டைவிரலைக் கெடுத்தது. பிறகு பனிச்சறுக்கில் கைத்தடியோடு விழுந்தவர்கள் வந்தார்கள். இப்போது வீட்டு அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் வருகிறார்.

காரணம், விளையாட்டு ஸ்டீயரிங்கை அசைக்கும் மோட்டார். பழைய விளையாட்டு ஸ்டீயரிங்குகளில் சின்ன மோட்டாரின் விசை பல்சக்கரம் வழியாகவோ பெல்ட் வழியாகவோ கைக்கு வரும். திருப்பும் விசையை அளக்கும் நியூட்டன் மீட்டரில் சொன்னால், பெரும்பாலும் இரண்டு, மூன்றுதான். டைரக்ட் டிரைவ் வகையில் மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங் உட்கார்ந்திருக்கிறது. இடையில் எதுவும் இல்லாததால் சாலையின் ஒவ்வொரு நெளிவும் கைக்குத் தெரியும். அதன் அருமையே அதுதான். ஆரம்பநிலைக் கருவிகள் 5 முதல் 8 நியூட்டன் மீட்டர் வரை தரும். பெரியவை 20ஐத் தாண்டும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தில் 20 நியூட்டன் மீட்டர் என்றால், விளிம்பில் ஏறக்குறைய பதின்மூன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அந்த எடை மெதுவாக ஏறுவதில்லை. திரையில் கார் சுவரில் மோதிய கணத்திலேயே வந்து விழுகிறது. கண்ணால் பார்த்துக் கையை எடுக்க நமக்கு ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குள் சக்கரத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் குறுக்குக்கை, உள்ளே கோத்திருக்கும் கட்டைவிரலை வெளியே தள்ளிவிடும்.

கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது பழைய பாடம்: கட்டைவிரலை உள்ளே கோக்காமல் விளிம்பின் மேலேயே வைக்க வேண்டும். பந்தய ஓட்டுநர்கள் மோதல் உறுதி என்று தெரிந்ததும் ஸ்டீயரிங்கை விட்டுவிடுவதும் இதனால்தான். திரை முன்னால் உட்கார்ந்தால் நாம் இறுக்கிப் பிடிக்கிறோம். நேர்பாதையில் தண்ணீர் குடிக்க இரண்டு கையையும் எடுப்பவர்களும் உண்டு. பிடியில்லாத சக்கரம் இடமும் வலமுமாகத் தானே துள்ளத் தொடங்கும். அதைப் பாய்ந்து பிடிக்கப் போய் விரல் முட்டிகளைக் கிழித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பெரிய மோட்டாரே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சிறிய மோட்டார் தன் எல்லையைத் தொட்டதும் மேல்விசைகளெல்லாம் ஒரே அளவாகத் தட்டையாகிவிடும். விளையாடுபவர்கள் இதை கிளிப்பிங் என்பார்கள். பெரியதை வாங்கிப் பாதி வலுவில் ஓட்டுவது புத்திசாலித்தனம். முழு வலுவில் வைத்தால்தான் வீரம் என்று நினைப்பதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

பிரேக்கிலும் இதே கதை. லோட் செல் பெடல், கால் எவ்வளவு தூரம் போனது என்று பார்ப்பதில்லை; எவ்வளவு அழுத்தியது என்று அளக்கிறது. அழுத்தத்தின் உச்சத்தை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். ஃபார்முலா 1 ஓட்டுநர் நூறு கிலோவுக்கு மேல் மிதிக்கிறார் என்றால், அவரை வார்ப்பு இருக்கையில் பெல்ட் கட்டிப் பிடித்திருக்கிறது. சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் அதைச் செய்தால் நாற்காலி பின்னால் ஓடும்; ஓடாமல் பிடிக்கும் வேலை இடுப்புக்கு வந்து சேரும்.

திரைக்குப் பதிலாகக் கண்ணில் மாட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட் பற்றி ஒன்று மட்டும்: நெற்றி வியர்த்து வாயில் உமிழ்நீர் ஊறினால் அப்போதே கழற்றுங்கள். பல்லைக் கடித்துத் தொடர்வதால் குமட்டல் பழகிவிடாது.

என்னிடம் வந்தவருக்கு நார் முழுதாக அறுந்திருக்கவில்லை. சில வாரங்கள் கட்டைவிரல் அசையாமல் இருக்கச் சட்டம் (ஸ்பிளிண்ட்) போட்டு வைத்தோம். மோட்டாரை நிறுத்தும் சிவப்பு பொத்தான் எங்கே என்று கேட்டதற்கு, இருக்கைக்குப் பின்னால் தரையில் கிடப்பதாகச் சொன்னார். தொடையருகே மாற்றச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது மாற்றிவிட்டதாகக் கைப்பேசியில் படம் காட்டினார். பொத்தான் சரியான இடத்தில்தான் இருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த இடது கையின் கட்டைவிரல் மட்டும் உள்ளே இருந்தது.